பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள்!

(மானகிரியில் நடைபெற்ற மாணவர் - இளைஞர் - வணிகர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



   

சில வாரங்களுக்கு முன் ஒரு பையன் என்னிடம் வந்தான். ஒன்பதாம் வகுப்பு படிப்பவன். நம் சமுதாயத்துப் பிள்ளைதான். "மாமா, அமெரிக்காவுல கறுப்பர்களை விலைக்கு வாங்கி அடிமையா வச்சிருந்தாங்களாம். அதே மாதிரி நம்ம பக்கத்துலயும் நடந்துச்சான்னு வகுப்புல கேட்டேன். அதெல்லாம் பரீட்சைக்கு வராது, உட்காருன்னுட்டாங்க" என்றான். வீட்டில் கேட்டாயா என்றேன். "அத்தாகிட்ட கேட்டேன். நாம வியாபாரம் பண்றவங்க, நமக்கெதுக்குப்பா ஊர் வம்புன்னாங்க" என்றான்.

சகோதரர்களே! அந்தப் பிள்ளை இரண்டு கதவுகளைத் தட்டினான். இரண்டும் திறக்கவில்லை. மூன்றாவது கதவு ஒன்று எப்போதும் திறந்தே கிடக்கிறது. அது தெருமுனை. கையில் எந்த நிறத்துக் கயிறு கட்ட வேண்டும், யாரோடு சேர வேண்டும், யாரை எப்படி அழைக்க வேண்டும் என்று அங்கே இலவசமாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் என்ன நடந்தது? கூடப் படித்த மாணவர்களே ஒரு தாழ்த்தப்பட்ட மாணவனை வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அந்தப் பாடத்தை எந்த வாத்தியாரும் நடத்தவில்லை. ஆனால் பிள்ளைகள் படித்துவிட்டார்கள்!

ஆகவேதான் இன்று அந்தப் பையனின் கேள்விக்கு உங்கள் எல்லோர் முன்னிலையிலும் பதில் சொல்ல வந்திருக்கிறேன்.

அடிமையின் கையில் எழுதுகோல்

முதலில் அமெரிக்கா. முஹம்மது அலியை உங்களுக்குத் தெரியும். 1980இல் சென்னைக்கு வந்து நேரு விளையாட்டரங்கில் காட்சிப் போட்டியில் மோதினார். அன்று கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்த்த பெரியவர்கள் இன்றும் அதைப் பேசுவார்கள். அவருடைய குத்து நமக்குத் தெரியும். அவர் எதை எதிர்த்து எழுந்தார் என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரியுமா? 1960இல் ஒலிம்பிக் தங்கம் வென்று வந்தவர் அவர். ஆனால் அவர் பிறந்த லூயிவில் நகரில் கறுப்பருக்கு ஓரிடம், வெள்ளையருக்கு ஓரிடம் என்றிருந்தது.

அது ஒரே நாளில் வந்ததல்ல. ஆப்பிரிக்காவிலிருந்து சுமார் ஒன்றேகால் கோடி மனிதர்களைச் சங்கிலியில் பிணைத்துக் கப்பலேற்றினார்கள். அவர்களில் ஏறத்தாழ 18 லட்சம் பேர் கரை சேராமல் நடுக்கடலிலேயே மாண்டார்கள். பெரும்பகுதியினர் பிரேசிலுக்கும் கரீபியன் தீவுகளுக்கும் கொண்டுபோகப்பட்டார்கள். வர்ஜீனியாவில் அவர்கள் முதலில் இறக்கப்பட்டது 1619இல். 1860ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது அமெரிக்க ஐக்கிய நாடுகளில் சுமார் 40 லட்சம் பேர் அடிமைகளாக இருந்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் முஸ்லிம்களும் இருந்தார்கள் என்பதை நாம் எண்ணிப் பார்த்ததுண்டா? இன்றைய செனகல் நாட்டுப் பகுதியில் பிறந்தவர் உமர் இப்னு சயீத். பல்லாண்டுகள் மார்க்கக் கல்வி கற்றவர். 1807இல் பிடிக்கப்பட்டு அமெரிக்காவில் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் விற்கப்பட்டார். கொடுமை தாங்காமல் தப்பி ஓடினார். பிடித்துச் சிறையில் அடைத்தார்கள். அந்தச் சிறைச் சுவரில் அவர் அரபியில் எழுதினார்! அடிமைக்கு எழுத்துத் தெரியுமா என்று ஊரே கூடி வேடிக்கை பார்த்தது. பின்னாளில் அவரைக் கிறிஸ்தவ சபையில் சேர்த்தார்கள். ஆயினும் 1831இல் அவர் அரபியில் தன் வரலாற்றை எழுதியபோது எதைக் கொண்டு தொடங்கினார் தெரியுமா? நம் வீடுகளில் இரவு படுக்கப் போகுமுன் ஓதும் தபாரக் சூரா! ஆட்சியதிகாரம் அனைத்தும் அல்லாஹ் ஒருவனுடையது என்று சொல்லும் அத்தியாயம். என்னை விலைக்கு வாங்கியவன் எனக்கு உரிமையாளன் அல்லன் என்பதை அவர் இதைவிட எப்படிச் சொல்ல முடியும்? அந்தக் கையெழுத்துப் பிரதி 2017 முதல் வாஷிங்டனிலுள்ள அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கிறது.

ஆண்டைகள் எழுத்துக்குத்தான் அதிகம் அஞ்சினார்கள். தென் கரோலினாவில் அடிமைக்கு எழுதக் கற்றுக் கொடுப்பது குற்றம் என்று 1740இலேயே சட்டம் போட்டார்கள். இந்தச் செய்தியை மனதில் இருத்திக்கொள்ளுங்கள். இதே செய்தி நம் மண்ணிலும் வரப்போகிறது.

நம் காலடி மண்ணின் கதை

இப்போது பையனின் கேள்விக்கு வருகிறேன். நம்ம பக்கத்தில் நடந்ததா?

நடந்தது. இந்த மானகிரியும் காரைக்குடியும் தேவகோட்டையும் அன்று இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தன. 1985இல்தான் சிவகங்கை தனி மாவட்டமானது. 1930 டிசம்பரில், அந்த இராமநாதபுரம் மாவட்டத்தில், தாழ்த்தப்பட்ட மக்கள் மீது ஆதிக்கம் செலுத்திய நாட்டார்கள் எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி இதை எழுதி வைத்திருக்கிறார்.

என்ன தடைகள்? தங்க நகையோ வெள்ளி நகையோ அணியக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக் கூடாது. சட்டை, கோட்டு, பனியன் போடக் கூடாது. கிராப்பு வைக்கக் கூடாது. மண் பாத்திரம் தவிர வேறு பாத்திரம் வைத்துக்கொள்ளக் கூடாது. பெண்கள் மார்பை மறைக்க ரவிக்கையோ தாவணியோ அணியக் கூடாது. பூச்சூடக் கூடாது. வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக் கூடாது, காலில் செருப்புப் போடக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. தானியம் அழிக்கப்பட்டது. ஆடு மாடுகள் கொள்ளை போயின.

அதோடு நின்றதா? 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாகின. இந்த முறை குறி வைத்தது பிள்ளைகளை! தாழ்த்தப்பட்டோரின் பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கக் கூடாது, மிராசுதாரரின் மாடுகளை மேய்க்க வேண்டும். பெரியவர்கள் மிராசுதாரருக்கு அடிமைகளாக உழைக்க வேண்டும். காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை வேலை. ஆணுக்கு நாலணா, பெண்ணுக்கு இரண்டணா. சொந்த நிலம் இருந்தால் மிராசுதாரருக்கே மலிவு விலையில் விற்றுவிட வேண்டும். இல்லையென்றால் பாசனத்துக்குத் தண்ணீர் கிடையாது.

சிந்தித்துப் பாருங்கள். ஆங்கிலேய இந்தியாவில் அடிமை முறையைச் சட்டம் அங்கீகரிக்காது என்று அறிவித்தது 1843இல். அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்ததற்கு 22 ஆண்டுகள் முன்பே! ஆனால் 88 ஆண்டுகள் கழித்தும் இங்கே அடிமையாக உழை என்று கட்டளை போட்டார்கள். சட்டம் புத்தகத்தில் இருந்தது. சாட்டை ஊரில் இருந்தது. 1740இல் தென் கரோலினாவில் எழுத்தைக் கண்டு அஞ்சியவர்களும், 1931இல் இங்கே சிலேட்டைக் கண்டு அஞ்சியவர்களும் ஒருவரையொருவர் கண்டதில்லை. ஆனால் இருவரும் ஒரே பாடத்தைப் படித்தவர்கள்.

வணிகச் சகோதரர்களே! "நாம வியாபாரம் பண்றவங்க, நமக்கெதுக்கு" என்று கேட்ட அந்த அத்தாவுக்கு ஒரு வார்த்தை. அந்தத் தடைப் பட்டியலை மறுபடி ஒருமுறை நினைத்துப் பாருங்கள். குடை, செருப்பு, பனியன், சட்டைத் துணி, ரவிக்கைத் துணி, பாத்திரம். அது நம் கடைகளின் சரக்குப் பட்டியல் அல்லவா! நாம் தினம் விற்கும் சாமான்கள் ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் ஒரு மனிதனுக்கு மறுக்கப்பட்டவை. இன்று ஒரு விவசாயக் கூலி நம் கடைக்கு வந்து பேரம் பேசிக் குடை வாங்கிப் போகிறார் என்றால், அந்தக் குடைக்குப் பின்னால் எரிந்த குடிசைகள் இருக்கின்றன. இது ஊர் வம்பு அல்ல. நம் கல்லாப் பெட்டியின் வரலாறு.

ஒரு தலைமையாசிரியர் சொன்ன சொல்

இரண்டு நாட்டுக் கதையும் ஒன்றே என்பதை ஒரு பள்ளிக்கூடத்தில் உணர்ந்தவர் மார்ட்டின் லூதர் கிங். 1959இல் அவர் இந்தியா வந்தார். திருவனந்தபுரத்தில் தீண்டாமைக்கு ஆளான சமூகங்களின் பிள்ளைகள் படிக்கும் பள்ளி ஒன்றுக்குப் போனார். அந்தப் பள்ளியின் தலைமையாசிரியர் மாணவர்களிடம் அவரை எப்படி அறிமுகம் செய்தார் தெரியுமா? அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் உங்களைப் போன்ற ஒரு தீண்டப்படாதவர் என்று! கிங்குக்கு முதலில் சுருக்கென்றது. பிறகு தன் நாட்டிலுள்ள 2 கோடிக் கறுப்பு மக்களின் நிலையை எண்ணிப் பார்த்தார். ஆம், நான் தீண்டப்படாதவன்தான் என்று ஒப்புக்கொண்டார். 1965இல் ஒரு பேருரையில் அவரே இதைச் சொல்லியிருக்கிறார்.

அந்தத் தலைமையாசிரியர் ஒரே வாக்கியத்தில் ஒரு வருடப் பாடத்தை நடத்திவிட்டார். நம் பையனுக்கு வகுப்பில் கிடைக்காதது அந்த வாக்கியம்தான்.

மறைப்பவர்கள் யார்?

சொல்லக் கூடாது என்பவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் துல்சா என்ற ஊர். அங்கே கிரீன்வுட் என்பது கறுப்பர்களின் கடைவீதி. 1921இல் வெள்ளையர் கும்பல் அதைச் சுட்டெரித்தது. 35 தெருப் பகுதிகள் சாம்பலாயின. காப்பீட்டு நிறுவனங்கள் இழப்பீடு தர மறுத்தன. பல பத்தாண்டுகள் பள்ளிப் பாடத்தில் இதைப் பற்றி மூச்சில்லை. 1997இல்தான் மாநில அரசு விசாரணைக் குழு அமைத்தது. இன்றும் கதை முடியவில்லை. 2021 முதல் பல மாநிலங்கள் நிறவெறி வரலாற்றை வகுப்பில் எப்படிப் பேசலாம் என்று கட்டுப்பாடு விதித்தன. 2023இல் ஃபுளோரிடா மாநிலப் பாடத்திட்டம், அடிமைகள் கற்ற தொழில்கள் சில நேரங்களில் அவர்களுக்கே பயன்பட்டன என்று மாணவர்களுக்குச் சொல்லச் சொன்னது. அடிமைத்தனத்தில் ஆதாயம் தேடும் பாடம்!

இங்கே மட்டும் என்ன? திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் தோள்சீலை அணியும் உரிமைக்காகப் பல ஆண்டுகள் போராடி 1859இல் வென்றார்கள். அது ஒன்பதாம் வகுப்பு மத்தியப் பாடநூலில் இருந்தது. அதற்கு ஆட்சேபணை எழுந்தது. 2016 டிசம்பரில் அந்தப் பகுதியை சி.பி.எஸ்.இ. நீக்கியது. 2019இல் என்.சி.இ.ஆர்.டி. அந்தப் பாடத்தையே எடுத்துவிட்டது. 2023இல் வந்த பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் முகலாய அரசவை பற்றிய அத்தியாயம் இல்லை. அன்று நம்மவர் அனைவரும் கொதித்தார்கள். கொதித்தது நியாயம். ஆனால் தோள்சீலைப் பாடம் நீக்கப்பட்டபோது நாம் எங்கே போயிருந்தோம்? அடுத்தவன் வரலாறு கிழிக்கப்படும்போது வாய் மூடி இருந்தவனுக்கு, தன் பக்கம் கிழிக்கப்படும்போது குரல் கொடுக்க ஆள் கிடைக்காது!

நம் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்போம்

இதுவரை கைதட்டினீர்கள். இனிச் சொல்லப் போவதற்குக் கைதட்ட மாட்டீர்கள். ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

கஃபாவின் மீது ஏறி நின்று பாங்கு சொல்லும் பெருமையை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கறுப்பு அடிமையாக இருந்த பிலால் (ரலி) அவர்களுக்குக் கொடுத்தார்கள். இதை மேடை தோறும் சொல்கிறோம். ஆனால் பெண் பார்க்கப் போகும்போது முதல் கேள்வி என்ன? "பொண்ணு கறுப்பா, செவப்பா?" நிறம் கொஞ்சம் மட்டு என்றால் வரதட்சணையில் பத்துப் பவுன் கூடுகிறது. சகோதரர்களே, இது பேரமா, மார்க்கமா? அமெரிக்காவில் நிறத்துக்கு விலை வைத்தவனை ஏசுகிறோம். நம் வீட்டு நடுக்கூடத்தில் பாயை விரித்து உட்கார்ந்து நாம் வைப்பது என்ன விலை?

பிறை பார்த்து ஒன்றாக நோன்பு வைக்கிறோம். ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் சேர்ந்து நிற்கிறோம். ஆனால் முடிதிருத்தும் சகோதரர் குடும்பத்தில் பெண் எடுக்கவும் கொடுக்கவும் எத்தனை பேர் தயார்? ராவுத்தர், மரைக்காயர், லெப்பை என்று சம்பந்தம் பேசும்போது கணக்குப் பார்க்காதவர் எத்தனை பேர்? ஒருவரை அவருடைய தாயைச் சொல்லி இழிவாகப் பேசிய அபூதர் (ரலி) அவர்களை, அறியாமைக் காலத்தின் குணம் உங்களிடம் இன்னும் இருக்கிறது என்று நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். மாபெரும் நபித்தோழருக்கே அந்தக் கண்டிப்பு என்றால் நாம் எம்மாத்திரம்?

இன்னொன்றும் உண்டு. அரபு வணிகர்களும் முஸ்லிம் மன்னர்களும் ஆப்பிரிக்க மனிதர்களை விற்றார்கள், வாங்கினார்கள். சவூதி அரேபியாவில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1962இல். மவுரித்தானியாவில் 1981இல். அடிமையை விடுதலை செய்வதைப் பெரும் நன்மையாக்கிய மார்க்கத்தைப் பின்பற்றியவர்கள் இத்தனை தாமதம் செய்தார்கள் என்பதையும் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும். 1997 நவம்பர் இறுதியில் கோவையில் நம் கடைகள் எரிந்ததையும் நம்மவர் கொல்லப்பட்டதையும் சொல்லும் நாம், 1998 பிப்ரவரி 14இல் குண்டுவெடிப்புகளில் 58 உயிர்கள் போனதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். பாதி உண்மையைக் கற்ற பிள்ளை, மீதிப் பாதியை எதிரியின் வாயிலிருந்து கேட்கும்போது தடுமாறிப் போவான்.

எப்படிச் சொல்வது?

எரிகிற கொள்ளியைப் பிள்ளை கையில் கொடுப்பது போலாகாதா என்று பெரியவர் ஒருவர் கேட்டார். நியாயமான அச்சம். ஆகவே சொல்லும் முறை முக்கியம்.

ஒன்று: எவரையும் கூனிக் குறுக வைக்கச் சொல்லக் கூடாது. தடைப் பட்டியலைச் சொன்னால், அடிபட்டும் சட்டையைக் கழற்றாதவர்களின் துணிவையும் சொல்ல வேண்டும். இல்லையென்றால் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் தாழ்த்தப்பட்ட பிள்ளைக்கு அந்தப் பாடமே இன்னொரு அடியாகிவிடும்.

இரண்டு: பாட்டன் செய்த குற்றத்துக்குப் பேரனைக் கூண்டில் ஏற்றக் கூடாது. அன்று தடை விதித்தவர்களின் வழிவந்த பிள்ளைகள் இன்று நம் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். அவர்களைப் பகைவராக்க அல்ல, இனி இப்படி நடக்கக் கூடாது என்று அவர்களையும் சேர்த்துக்கொள்ளவே இந்த வரலாறு. வெள்ளையர் அனைவரும் சைத்தான்கள் என்று பேசிவந்த மால்கம் எக்ஸ், 1964இல் ஹஜ்ஜுக்குப் போனார். நீலக் கண் கொண்ட வெள்ளை முஸ்லிம்களோடு ஒரே தட்டில் உண்டார். தன் கருத்தை மாற்றிக்கொண்டார். அதைப் பகிரங்கமாக எழுதினார். தவறு என்று தெரிந்ததும் மாறியவர் அவர். பிள்ளைகளுக்கு அதைவிடச் சிறந்த பாடம் எது?

மூன்று: தொலைவிலிருந்து தொடங்கி வீட்டில் முடிக்க வேண்டும். அமெரிக்காவைச் சொல்லிவிட்டு மானகிரிக்கு வராமல் நிறுத்தினால் அது வெறும் கதை.

இனிச் செயல். நாங்குநேரிக் கொடுமைக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அரசிடம் அறிக்கை தந்தது. சாதியைக் காட்டும் கயிறு, மோதிரம் பள்ளியில் வேண்டாம், பள்ளிகளின் பெயரில் சாதி அடையாளம் வேண்டாம் என்றெல்லாம் பரிந்துரைத்தது. அரசு செய்வது இருக்கட்டும். நாம் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

ஜமாஅத் பெரியவர்களே! கோடை விடுமுறை தீனிய்யாத் வகுப்பில் வாரம் ஒரு மணி நேரம் இந்த வரலாற்றுக்கு ஒதுக்குங்கள். அந்த ஒரு மணி நேரத்துக்குப் பக்கத்துத் தெருவிலிருந்து, இந்த ஊரின் பழைய கொடுமைகளைக் கண்ணால் கண்டவர்களையும், பெற்றோர் வாயால் கேட்டவர்களையும் அழைத்து வாருங்கள். நம் பிள்ளைகள் முன் நாற்காலி போட்டு உட்கார வைத்துப் பேசச் சொல்லுங்கள். அந்த நாற்காலியே பாதிப் பாடம்.

இளைஞர்களே! உங்கள் திருமணப் பேச்சில் நிறம் என்ற சொல் வந்தால், உம்மாவாக இருந்தாலும் பணிவோடு தடுங்கள். வரதட்சணை வேண்டாம் என்று சொல்லும் வாயால், எந்தக் குடும்பம் என்ற கேள்வியும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

வணிகர்களே! உங்கள் பிள்ளை கல்லாவில் உட்காரும் நாளில், தொங்கும் குடையைக் காட்டி அதன் கதையைச் சொல்லுங்கள். வயதில் மூத்த வாடிக்கையாளரை, அவர் எந்தத் தெருவிலிருந்து வந்தாலும், "வாங்க" என்று அழைக்கிறானா, "வா" என்கிறானா என்று கவனியுங்கள். அதுதான் பரீட்சை. அந்தப் பரீட்சைக்கு இந்தப் பாடம் கண்டிப்பாக வரும்.

அந்தப் பையன் இன்று கூட்டத்தில் முன் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறான். அவனுடைய அத்தாவும் வந்திருக்கிறார். அல்ஹம்துலில்லாஹ். இரண்டு பேரும் வீட்டுக்குப் போகும் வழியில் பேசிக்கொண்டு போனால் இந்தக் கூட்டம் வெற்றி.

மனிதருக்கு மனிதர் உயர்வில்லை, இறையச்சம் ஒன்றே அளவுகோல் என்று இறுதி ஹஜ்ஜில் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்ததைச் சொல்லாலும் செயலாலும் நம் பிள்ளைகளிடம் ஒப்படைக்கும் பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.